சுண்ணாம்பு வாய்

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரை ஓரமாக இருந்த அந்தத் தோல்ஷாப்பில் பூனைகளுக்கென்று ஒரு நோய் இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு வாய் என்று பெயர். வேறு ஊர்ப் பூனைகளுக்கு அது வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வருவதற்கு வழியும் இல்லை. ஆட்டுத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளைச் சுற்றி எப்போதும் வெள்ளைச் சேறு தேங்கிக் கிடக்கும். விவரம் தெரியாத குட்டி அதில் காலை வைத்துவிட்டு, பிறகு வெயிலில் உட்கார்ந்து நிதானமாகக் காலை நக்கும். நாக்கு வெந்துபோகும். எச்சில் ஒழுகும், இரை எடுக்காது, தோல் பதனிடும் ஆவாரம் பட்டை அடுக்கியிருக்கும் கிடங்கில் போய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்ளும். காலை மோரில் கழுவி, வாயைத் திறந்து நாக்கில் நெய் தடவிவிட்டால் மறுநாளே பாலுக்குக் கத்தும். அப்புறம் ஆயுசுக்கும் குழிப்பக்கம் எட்டிப் பார்க்காது.

பூனை வேண்டாமென்று இருக்கவும் முடியாது. உப்பிட்டுக் காயவைத்த தோலை எலி ஒரு மூலையில் கடித்துவிட்டால் முழுத் தோலும் பாழ்.

இந்த நெய் வைத்தியத்தில் பேர் போனவர் வாஹித் பாஷா. சுண்ணாம்புக் குழிகளுக்கு அவர்தான் மேஸ்திரி. குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்த்து வைத்த மரக்கட்டையின்மேல் விரித்து, வலது கட்டைவிரலால் மயிரை ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். மயிர் வழுக்கிக்கொண்டு வந்தால் தோல் பதம். வராவிட்டால் மறுபடி குழிக்கு. முதலாளி நிசார் அஹமது சாயபு வாசலில் நின்று, "விரல் என்ன சொல்லுது, பாஷா?" என்று கேட்பாரே தவிர, எத்தனை நாளாயிற்று என்று ஒருபோதும் கேட்டதில்லை. அந்த விரல்தான் பூனைகளின் நாக்கிலும் நெய் தடவியது.

அவருடைய மனைவி ஹலீமா பீக்கு அதே தோல்ஷாப்பில் மயிர் அலசும் வேலை. தோலிலிருந்து வழித்தெடுத்த ஆட்டு மயிரைத் தொட்டியில் போட்டு, சுண்ணாம்பு போக அலசி, பாயில் காயவைக்க வேண்டும். மதிலுக்குள்ளேயே, கிணற்றுக்குப் பக்கத்தில், அவர்களுக்கு ஓர் ஓட்டு வீடு. ஒரே பெண்ணை மேல்விஷாரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் வீட்டில் மூன்றாவது ஆள் என்று சொல்ல ஜீராதான் இருந்தது. சீரகத்தை வாரி இறைத்த மாதிரி முதுகெல்லாம் புள்ளி போட்ட பெண் குட்டி. இன்னும் முழுப் பூனையாகவில்லை.

மயிர்த் தொட்டியண்டை ஜீரா எச்சில் ஒழுக வந்து நின்றதை முதலில் பார்த்தவள் கண்ணம்மாள். ஹலீமா பீயோடு ஒரே தொட்டியில் அலசுகிறவள். வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, உம் மருமவ வெத்தலய அதக்கிக்கினு வந்துக்கிறா? ஒழுவுது பாரு!"

ஹலீமா பீ நிமிர்ந்து பார்த்தாள். மோவாயிலிருந்து நூலாக எச்சில் தொங்கியது. "சுண்ணாம்பு வாய்தான்டீ. எங்கியோ மிதிச்சிட்டிருக்கா."

"மேஸ்திரி ஊட்டுப் பூனைக்கே சுண்ணாம்பு எதுன்னு தெரியலன்னா, நாங்கல்லாம் இன்னாத்துக்கு ஆவுறது!"

சத்தம் கேட்டு வாஹித் பாஷாவே குழியை விட்டு வந்தார். ஒரு பார்வை பார்த்தார். "வந்துடுச்சா உனக்கும்? வா, வா," என்று ஜீராவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் நெய்க் கிண்ணத்தைக் கேட்டார். ஹலீமா பீ மோர்ச் சட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். அவள் நான்கு பாதங்களையும் மோரில் கழுவ, அவர் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டார்.

ஜீரா கடித்தது. மற்றக் குட்டிகளும் கடிப்பதுண்டு, கடித்த கையோடு விட்டுவிடும். இது விடவில்லை. அடித்தொண்டையில் ஏதோ கரகரக்க, கண்ணை அகல விரித்துக்கொண்டு பல்லை இறுக்கியது. அவர் மற்றக் கையால் தாடையை அழுத்தித்தான் விரலை மீட்க வேண்டியிருந்தது. நகத்துக்குக் கீழே ரத்தம் முத்தாகக் கிளம்பியது.

கிடங்கு வாசலில் பட்டை இடித்துக்கொண்டிருந்த ஆதிகேசவன் சிரித்தான். "நெய்ய கம்மியா வெச்சிருப்ப பாய். கோச்சுக்கினா."

"குட்டிப் பல்லுக்கு என்னா ஜோர் பாத்தியா!" என்று வாஹித் பாஷாவும் சிரித்தார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு குழிக்குப் போய்விட்டார்.

ஹலீமா பீ குட்டியின் வாயையும் மோவாயையும் கையாலேயே வழித்துத் துடைத்தாள். சுண்ணாம்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து அவள் விரல்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. எச்சில் வெடிப்பில் பட்டுச் சுரீர் என்றது. உப்புப் பட்டாலும் புளி பட்டாலும் தினமும் அப்படித்தான், அவள் கவனிக்கவில்லை. வேறொன்றுதான் அவள் மனசில் லேசாக நெருடியது. மோரில் பாதத்தைக் கழுவும்போது கை வழுக்கவில்லை. சுண்ணாம்பு பட்டது எதுவானாலும் முதல் கழுவலில் சோப்புப் போட்ட மாதிரி வழுவழுக்கும். ஜீராவின் பாதம் வெறும் புழுதிப் பாதமாக இருந்தது.

காய்ந்து உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜீரா பாலுக்குக் கத்தவில்லை. கட்டிலுக்கடியில், வெளிச்சம் எட்டாத மூலையில் கிடந்தது. ஹலீமா பீ கிண்ணத்தில் பாலை ஊற்றி நகர்த்தினாள். தள்ளாடிக்கொண்டு எழுந்து வந்தது. பின்னங்கால்கள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. கிண்ணத்தின்மேல் குனிந்தது. பால் மோவாயை நனைத்தது, மூக்கை நனைத்தது. தொண்டை மட்டும் அசையவில்லை. குடிக்க ஆசை இருக்கிறது, வழி அடைத்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. கீழ்த்தாடை கீல் விட்ட பெட்டிமூடி மாதிரி தொங்கியது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிக் கட்டில் காலைக் கடித்தது. சிராய் தெறிக்கக் கடித்தது.

அவள் கிண்ணத்தை எடுக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றாக யோசித்தாள். சுண்ணாம்பு பட்ட பூனை வாய் எரிந்தாலும் காலை நக்குவதை விடாது. எரிச்சல் காலிலிருந்துதான் வருகிறது என்று அதற்குத் தெரியாது. ஜீரா தன் காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனியை நக்கியே நாளாகியிருக்க வேண்டும். புள்ளிகளெல்லாம் அழுக்கேறிக் கிடந்தன. எச்சில் ஒழுகுவதற்கு முன்னாலேயே அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. யார் மடியிலும் தங்காத குட்டி, காரணமில்லாமல் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து உரசியது, விலக்கினாலும் வந்தது. குரல்கூட மாறியிருந்தது. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு கத்தல். சளி கட்டியிருக்கிறது என்று அன்றைக்கு விட்டுவிட்டாள்.

அதற்கும் முன்னால் ஒன்று இருந்தது. ரம்ஜானுக்கு முன்பு, தோலில் சுரண்டிய சவ்வைக் கொட்டும் குவியலண்டை ஒரு நாய் வந்தது. வேற்று நாய். வாலை இடுக்கிக்கொண்டு, எதிரில் இருப்பது கல்லா ஆளா என்று பாராமல் கடித்தது. ஆட்கள் கூடி அடித்துக் கொன்றார்கள். அந்த வாரம்தான் ஜீரா இடுப்பில் ஒரு சின்னக் காயத்தோடு வீட்டுக்கு வந்தது. எலி கடித்திருக்கும் என்று அவளே மஞ்சள் வைத்துக் கட்டினாள். ஆறிவிட்டது. ஆறின இடத்தில் புது மயிர்கூட வளர்ந்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் சொன்னாள். அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி உருதுவும் பாதி தமிழுமாக இருக்கும். கஷ்டமான பேச்சு என்றால் தமிழில்தான் வரும்.

"இதோ பாருங்க. அது சுண்ணாம்பு வாய் இல்ல போலக்குது."

"அப்ப வேற இன்னா?"

"பால் முழுங்க மாட்டேங்குது. மரத்தக் கடிக்குது. அன்னிக்கி சவ்வுக் குமியாண்ட அடிச்சாங்களே, அந்த நாயி..."

"சுப்! பேசாத!" வாஹித் பாஷா தட்டைத் தள்ளிவிட்டார். "முப்பது குட்டிக்கு நெய் தடவினவன் நானு. சுண்ணாம்பு வாய்னு நான் சொன்னா சுண்ணாம்பு வாய்தான். ரெண்டு நாளு ஜாஸ்தி ஆவும். அதுக்கு ஏன் பேஜார் பண்ற?"

"குன்னூர்ல நாய்க்கடிக்கு ஊசி போடுறாங்களாம். ஆதி அவன் சொந்தக்காரப் பையனப் பத்திச் சொன்னான் இல்ல? சீக்கிரமா போவணுமாம். நாளு தள்ளிட்டா ஊசியும் கேக்காதாம்."

"எனக்கு எதுக்கு ஊசி? என் வெரலு பொழுதன்னிக்கும் சுண்ணாம்புல ஊறுது. எந்த விஷம் அதுல நிக்கும்?" அவர் எழுந்து கை கழுவினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "வெளிய எவங்கிட்டயும் இந்தப் பேச்ச எடுக்காத," என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று ஹலீமா பீக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவர் சொன்ன கதை அது. இளவட்டமாக இருந்தபோது அவர் பள்ளிகொண்டாப் பக்கம் ஒரு தோல்மண்டியில் வேலை செய்தார். அங்கே அவருடைய தோஸ்த் ஒருவனை நாய் கடித்தது. புண் ஆறி, எல்லாரும் மறந்த பிறகு, ஒருநாள் அவன் தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறினான். வெறி பிடித்துப் பாவ்லா ஆகிவிட்டான் என்றார்கள். யாரையாவது கடித்துவிடுவானென்று புளியமரத்தில் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தது வாஹித் பாஷா. அவன் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டான். கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடம்பை முறுக்கினான். கொண்டுபோன தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பினால் மறுபடி கூப்பிட்டான். கடைசி வரைக்கும் அவனுக்கு ஆளை அடையாளம் தெரிந்துதான் இருந்தது என்று சொல்லி வாஹித் பாஷா அன்றைக்கு நிறுத்திக்கொண்டார். 

ஆகையால் அந்தச் சொல் அவர் வாயில் வராது. வந்தால் மரமும் கயிறும் கூடவே வரும். சுண்ணாம்பு வாய் என்பது தெரிந்த சொல். நெய்யோடு முடிகிற சொல். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹலீமா பீக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. தர்க்கம் பண்ணி அந்தப் பிடியைத் தளர்த்த முடியாது என்றும், அதற்குள் நாள் போய்விடும் என்றும் பயம்.

அதற்கு அடுத்த நாள் காலையில் ஜீரா செத்துக் கிடந்தது. கட்டிலுக்கடியிலிருந்து எப்போது வெளியேறிற்றோ தெரியாது, பட்டைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் நான்கு காலும் விறைத்துக் கிடந்ததை ஆதிகேசவன் பார்த்தான்.

"அக்கா, உங்க ஜீரா பூட்ச்சு," என்றான் மெதுவாக. "நீ பாக்காத. நான் ஆத்துப் பக்கமா கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றேன்."

"போடாத. ஒரு கோணி எடு."

"எதுக்குக்கா?"

"எடுடா, சொல்றேன்."

கையில் படாமல் கோணியில் சுற்றி அவள் குட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் குழிகளுக்கு நடந்தாள். வாஹித் பாஷா மரத்தில் ஒரு தோலை விரித்து நின்றார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அவள் அந்தத் தோலை ஒருபக்கமாக ஒதுக்கினாள். மரத்தின்மேல் கோணியை வைத்துப் பிரித்தாள். சுற்றிலும் வேலை நின்றது. மேஸ்திரி மரத்தில் கை வைக்க முதலாளிக்கே தைரியம் கிடையாது.

"இன்னா பண்ற ஹலீமா?"

"வெரல வெச்சுப் பாருங்க," என்றாள்.

அவர் துணி சுற்றிய விரலை மடக்கிக்கொண்டார்.

"சுண்ணாம்பு மிதிச்சிருந்தா மயிரு நிக்காது. உங்களுக்குத் தெரியாததா? ஒரு தோலுக்குப் பாக்குற மாதிரி பாருங்க. வந்துடுச்சுன்னா நான் வாயே தொறக்கல. போய் மயிரு அலசுறேன்."

வாஹித் பாஷா துணியை அவிழ்த்தார். நகத்தடியில் கடிவாய் கறுத்துப் பொருக்காகியிருந்தது. குனிந்து, ஜீராவின் முன்னங்காலைக் கோணித் துணியால் பிடித்துக்கொண்டு, விரல்களுக்கு இடையில் இருந்த மயிரை ஒரு தள்ளு தள்ளினார். எத்தனையோ ஆயிரம் தோலைத் தள்ளின தள்ளு. மயிர் அசையவில்லை. எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். அடுத்த காலைப் பார்த்தார். பின்னங்கால்கள் இரண்டையும் பார்த்தார். கடைசியில் நகத்தால் கிள்ளி இழுத்தார். ஒரு மயிர்கூட வரவில்லை. ஆட்டிலிருந்து அன்றைக்கு உரித்த பச்சைத் தோலில் மயிர் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

அவர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சுண்ணாம்பின் நிறம் இருந்தது.

"இது குழியில கால் வைக்கல," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மறுபடியும், "வைக்கவே இல்ல," என்றார்.

கண்ணம்மாள் தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். நகர்ந்தது தெரிந்ததும் வெட்கப்பட்டு முன்னால் வந்தாள். அந்த ஓர் அடியை வாஹித் பாஷா பார்த்துவிட்டார். ஹலீமா பீயும் பார்த்தாள்.

ஆதிகேசவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "பாய், எங்க சித்தப்பா மவன் குன்னூர் போயிட்டு வந்து இப்ப ஏர் ஓட்டறான் பாய். வவுத்துல தினம் ஊசி. வலிதான். வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கி வண்டி ஏறிட்டா போதும்."

"நாளைக்கி இல்ல. இன்னிக்கி," என்றாள் ஹலீமா பீ.

வாஹித் பாஷா அவளைப் பார்த்தார். பார்வை முகத்திலிருந்து இறங்கி அவள் கைகளில் நின்றது. வெடிப்பு வெடிப்பாக, சில இடத்தில் சிவப்புத் தெரிய, கோணியின் விளிம்பைப் பிடித்திருந்த கைகள்.

"அன்னிக்கி அதும் வாயத் தொடச்சது நீதான?"

அவளுக்கு அப்போதுதான் அந்தச் சுரீர் ஞாபகம் வந்தது. பூனையைப் பற்றி ஒவ்வொன்றாக யோசித்தவள் தன் கையைப் பற்றி யோசிக்கவேயில்லை. கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ரெண்டு பேருக்கும் துணி எடுத்து வை," என்றார் அவர்.  தனக்கென்றபோது அசையாத மனிதர், அவளுக்கென்றதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நிசார் அஹமது சாயபு தாசில்தாரிடம் தாமே போய், குன்னூருக்கு ஊசி போடப் போகிறவர்களுக்குச் சர்க்கார் தரும் ரயில் பாஸுக்கு ஏற்பாடு பண்ணினார். ஸ்டேஷன் வரைக்கும் ஆதிகேசவன் மூட்டை தூக்கி வந்தான். கண்ணம்மாளும் வந்தாள். வண்டி கிளம்பும் சமயம் அவள் ஜன்னலுக்குள் கையை விட்டு ஹலீமா பீயின் வெடித்த கையைப் பிடித்துக்கொண்டாள். "தொட்டியில உன் எடத்துல எவளயும் உட்கார விடமாட்டேங்க்கா," என்றாள். வண்டி நகர்கிற வரைக்கும் கையை விடவில்லை. ஜீராவை அதற்குள் ஆதிகேசவன் மதிலோரம் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்திருந்தான். நாய் தோண்டாமலிருக்க, மேலே கூடை கூடையாகச் சுண்ணாம்பு கொட்டினானாம்.

குன்னூர்க் குளிரைப் பற்றியும் வயிற்றில் போட்ட ஊசிகளைப் பற்றியும் திரும்பி வந்த பிறகு அவர்கள் அதிகம் பேசவில்லை. அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். ஊசி எல்லாம் முடிந்த அன்று, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், பெரும்பாலும் பயமில்லை என்றார். 'பெரும்பாலும்' என்பதை வாஹித் பாஷா அவரிடம் இரண்டு தடவை கேட்டுச் சொல்லவைத்தார். இன்னும் சில மாதம் போனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார் டாக்டர்.

தோல்ஷாப்பில் வேலை பழையபடி நடந்தது. கண்ணம்மாள் தொட்டியில் இடம் வைத்திருந்தாள். யாரும் விலகிப் போகவில்லை. ஆனால் மத்தியானத்தில் வாஹித் பாஷா சொம்பைத் தூக்கினால் குழியண்டை இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்துவதும், அவர் குடித்து முடித்ததும் பேச்சு தொடர்வதும் கொஞ்ச நாள் நடந்தது. அவர் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

வீட்டில் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. அதை வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வாஹித் பாஷா பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, அவள் எதிரில் நின்று குடிப்பார். ஹலீமா பீ அடுப்பைப் பார்க்கிற மாதிரி அவர் தொண்டையைப் பார்ப்பாள். பிறகு அதே சொம்பில் மொண்டு அவளிடம் நீட்டுவார். அவள் குடிப்பாள். அவர் வாசலைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்ப்பார். இருவரும் பூனையைப் பார்த்ததைவிட இப்போது நன்றாகப் பார்த்தார்கள். அதன்பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில், சொம்பை வாயில் வைத்த ஹலீமா பீக்குப் புரை ஏறியது. தண்ணீர் மூக்கில் வந்து, கண் பிதுங்க இருமினாள். இருமல் நிற்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று காட்டிய போதும் வாஹித் பாஷா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவர் கை எதையோ பிடிப்பதைப் போலக் காற்றில் மூடியிருந்தது. அது கயிறு பிடித்த கை என்று அவளுக்குத் தெரிந்தது.

இருமல் அடங்கியதும் அவள் தன் உச்சந்தலையைத் தானே தட்டிக்கொண்டாள்.

"பொரை ஏறிடுச்சு, வேற ஒண்ணும் இல்ல," என்றாள். "மேல்விஷாரத்துல பொண்ணு நெனைக்கிறா போல."

அவர் சொம்பை எட்டிப் பார்த்தார். கீழே சிந்தினது போக சொம்பில் பாதி இருந்தது.

"இன்னும் ஒரு வாய் குடி," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, அவருக்குத் தெரிகிற மாதிரி நன்றாக அண்ணாந்து, அவசரப்படாமல் குடித்தாள்.